ரேடியேட்டரில் தங்காத தண்ணீர்

ததேயுசும் அவருடைய மச்சினன் ஆன்ட்ரூசும் ஒரே லாரியை முறை வைத்து ஓட்டினார்கள். தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏற்றி, கருங்கல் வழியாகக் களியக்காவிளை தாண்டிக் கேரளச் சந்தைகளுக்குக் கொண்டுபோகிற பழைய லாரி. வண்டி ததேயுசுடையது. ஒரு நாள் அவர் போனால் மறுநாள் ஆன்ட்ரூஸ் போவான். அவன் அக்கா ரீத்தாவை ததேயுஸ் கட்டிய காலத்திலிருந்தே இருவருக்கும் நல்ல ஒட்டுதல்.

அந்த வருடம் ஈஸ்டர் கழிந்த பிறகு வண்டி சூடாகத் தொடங்கியது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் புறப்படுவார்கள். சந்தையில் போய்த் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் இருக்காது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. மீன் வண்டிக்கு அடியில் எப்போதும் ஈரம்தான். பெட்டியிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டே இருக்கும். எது ஐஸ் தண்ணீர், எது எஞ்சின் தண்ணீர் என்று யார் பிரித்துப் பார்ப்பது?

கருங்கல்லில் முத்துநாயகத்தின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். முத்துநாயகம் முதலில் ரப்பர் குழாய்களை மாற்றினார். பிறகு வாட்டர் பம்பை மாற்றினார். தண்ணீர் அப்படியேதான் குறைந்தது. கடைசியில் பெட்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, எஞ்சினுக்கு அடியில் அட்டைகளை விரித்து, வண்டியை ஓடவிட்டுக் காலை முழுவதும் பார்த்திருந்தார். அட்டையில் ஒரு சொட்டு இல்லை.

"வண்டியில ஒழுக்கு இல்ல," என்றார். "ஒங்க ரெண்டு பேர்ல யாரோ ஒராளு ரேடியேட்டர்ல வெள்ளம் பாக்காம எடுத்துட்டுப் போறிய. எனக்கு அப்பிடித்தான் படுது."

அந்தப் பேச்சு ததேயுசுக்குள் இறங்கிவிட்டது. ஆன்ட்ரூஸ் கொஞ்ச நாளாகத் திரும்பவும் கடலுக்குப் போனால் என்ன என்று பேசிக்கொண்டிருந்தான். வண்டியில் அவனுக்கு மனசில்லையோ? அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றும் தோன்றியது. தண்ணீர் பின்னே எங்கேதான் போகிறது என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்து அவரைக் குழப்பின.

மறுநாள் சாவியை வாங்க வந்தவனிடம் கேட்டுவிட்டார்.

"ஏலே, போன தடவ எடுக்கும்போ வெள்ளம் ஊத்துனியா?"

"ஊத்துனேன் அத்தான். என்னத்துக்குக் கேக்குதிய?"

"நெசமா ஊத்துனியா?"

ஆன்ட்ரூஸ் அவரையே பார்த்தான். "நீங்க ஓட்டுத அன்னைக்கும்தான் குறையுது. நான் ஒங்கள்ட்ட கேட்டனா?"

சத்தம் உயர்ந்தது. உள்ளேயிருந்து ரீத்தா வந்தாள். ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் தம்பி. யாரையும் அவள் சமாதானப்படுத்தவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா போங்க," என்றாள். "ஒண்ணா பாத்து ஊத்துங்க. அப்பவும் குறைஞ்சா யாரைக் குத்தம் சொல்லுவியன்னு பாக்குதேன்."

போனார்கள். இருவரும் எட்டிப் பார்க்க, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மூடியை ததேயுஸ்தான் இறுக்கினார். மார்த்தாண்டம் வரை எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் அசையவில்லை. அங்கே நெரிசலில் பிரேக்கில் கால் வைத்து எடுத்து, வைத்து எடுத்து ஊர்ந்தார்கள். குழித்துறைப் பாலம் தாண்டிப் படந்தாலுமூடு வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி, சூடு தணியக் காத்திருந்து, சாக்கை மடித்துப் பிடித்து மூடியைத் திறந்தார் ததேயுஸ். பாதித் தண்ணீரைக் காணோம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ததேயுசுக்கு முதலில் ஒரு நிம்மதி வந்தது. உடனே அது வெட்கமாக மாறியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப யாரு ஊத்தல்ல?" என்று மட்டும் கேட்டான் ஆன்ட்ரூஸ்.

மறுபடியும் பட்டறை. இந்தத் தடவை முத்துநாயகம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டார். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன. "ஹெட் கேஸ்கட் போயிருக்கு. எஞ்சின் காத்து வெள்ளத்துல கேறுது," என்றார் உறுதியாக. எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றி மார்த்தாண்டத்தில் லேத்துக்கு அனுப்பி, சமமாகத் தேய்த்து வாங்கி, இடையில் அடைப்புத் தகடான கேஸ்கட்டைப் புதிதாக வைத்துப் பூட்டினார். "இனி வெறும் வெள்ளம் வேண்டாம், கூலன்ட் ஊத்துவோம்," என்று முதல் முறையாகப் பச்சை நிறக் கூலன்டை நிரப்பினார். எஞ்சினை ஓடவிட்டார்கள்.

குமிழிகள் வந்தன.

முத்துநாயகம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல, கேட்டியளா," என்றார். ததேயுசுக்கும் விளங்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் வண்டியைக் கருங்கல் சந்தை வரை ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். வந்து நின்றதும், பிரேக்குக்கான காற்று டேங்க்கின் அடியில் இருக்கிற வால்வை ஆன்ட்ரூஸ் திறந்துவிட்டான். உள்ளே தேங்கும் ஈரத்தை வெளியேற்ற ஓட்டுநர்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். கொஞ்ச நாளாக அதில் தண்ணீர் கூடுதலாகவே வந்தது. கடற்கரைக் காற்றின் ஈரம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

சீறிக்கொண்டு வந்தது அவன் கையை நனைத்தது. அவன் கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தான்.

"அத்தான், இஞ்ச வாருங்க. இது பச்சையா இருக்கு."

முத்துநாயகமும் எழுந்து வந்தார். டேங்க்கையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிற ஏர் கம்ப்ரெசரில், காற்று வெளியேறும் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடச் சொன்னார். ரேடியேட்டரில் குமிழிகள் அடங்கின. கழற்றிய குழாயின் வாயில் பச்சைத் துளிகள் தெறித்தன.

பிரேக்குக்குக் காற்று அடிக்கிற அந்தக் கம்ப்ரெசரின் தலையைக் குளிர்விக்க எஞ்சின் தண்ணீர்தான் அதைச் சுற்றி ஓடுகிறது. அந்தத் தலையில் மெல்லிய விரிசல் விழுந்திருந்தது. அதன் வழியே காற்று தண்ணீருக்குள் புகுந்து, ரேடியேட்டர் கழுத்திலுள்ள குழாய் வழியாகத் தண்ணீரைத் தெருவில் தள்ளியிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் அதே விரிசல் வழியே காற்று டேங்க்குக்கும் போயிருக்கிறது. பட்டறையில் நிற்கும்போது பிரேக் பிடிக்க ஆளில்லை. டேங்க் நிறைந்ததும் கம்ப்ரெசர் காற்றை அழுத்தாமல் சும்மா சுழலும். அதனால்தான் அட்டையில் ஒரு சொட்டும் விழவில்லை.

"இத்தன வருசத்துல இப்பிடி ஒண்ணு பாத்தது இல்ல," என்றார் முத்துநாயகம். "ஒங்க ரெண்டு பேரையும் சும்மா சொல்லிட்டேன்." கம்ப்ரெசருக்கு வேறு தலை வாங்கிப் போட்டார். அதன் பிறகு குமிழி வரவில்லை.

திரும்புகிற வழியில் ததேயுஸ் டீக்கடையில் நிறுத்தினார். டீ வந்தது. பாதி குடித்துவிட்டு அவர் ஆன்ட்ரூஸ் பக்கம் திரும்பினார்.

"மக்கா, நான் அன்னைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"செரி, விடுங்க," என்றான் ஆன்ட்ரூஸ். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கடலுக்கு வாறேன்னு வள்ளக்காரர் சுயம்புராஜ்ட்ட சொல்லிட்டேன். ஒரு மாசம் போயிட்டு வாறேன்," என்றான்.

"எம்மேல கோவமா?"

"கோவம் இல்ல அத்தான்."

முகத்தைப் பார்த்து ததேயுசால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டில் ரீத்தாவிடம் அப்படியே சொன்னார். "கோவம் இருந்தா கோவம்னு சொல்லியிருப்பான்," என்றாள் அவள். அது ஆறுதலா இல்லையா என்பதும் அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த மாதம் முழுவதும் அவரே ஓட்டினார். முள் ஒரு நாளும் ஏறவில்லை. ஆனாலும் படந்தாலுமூட்டில் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து பார்ப்பார். நிறைந்தே இருக்கும். பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் வண்டியை எடுப்பார்.

ஆன்ட்ரூஸ் சொன்னதை விடச் சில நாள் பிந்தித்தான் வந்தான். கடல் வெயிலில் இன்னும் கறுத்திருந்தான். சொல்வதற்கு ததேயுஸ் எதையெதையோ யோசித்து வைத்திருந்தார். அவர் தொடங்குவதற்குள் அவன் கையை நீட்டினான். அவர் சாவியைக் கொடுத்தார்.