ஒரு விரல் கூடுதல்

என் மனைவி நாற்பத்திரண்டு வயதில் இசைக் கல்லூரியில் சேர்ந்தாள். பாடப் புத்தகம் தலையணை கனம். குழாய் வேலை முடித்து வந்து நான் சாப்பிட உட்கார்ந்தால் போதும், அதைப் படித்துக் காட்டுவாள்.

"குழாயப் பாதியா வெட்டினா, அதே சுரம் மேல் ஸ்தாயியில கேக்குமாம்."

"இருபது வருஷமா வெட்டுறேன். ஒண்ணும் பாடினதில்ல. எழுதின பேராசிரியர வந்து ஒரு அடைப்பு எடுக்கச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. வீம்புக்கு மறுநாள் இரண்டடியில் ஒன்று, ஓரடியில் ஒன்று என்று பிளாஸ்டிக் குழாய் வெட்டி, அடியில் மூடி போட்டுக் கொண்டுவந்தேன். ஆளுக்கொன்றாக விளிம்பை உதட்டில் வைத்து ஊதினோம். இரண்டு பூனைகள் சண்டை போட்டன.

"உன் புத்தகம் புளுகுது."

அவள் டேப்பை எடுத்து அளந்தாள். "ஏங்க, ரெண்டுமே ஒரு விரல் கூட இருக்கே. அப்புறம் சின்னது பெருசுல சரிபாதியா எப்படி இருக்கும்?"

இருக்கத்தான் செய்யும். எதை வெட்டினாலும் ஒரு விரல் கூடுதலாக விடுவது தொழில் புத்தி. குறைந்துபோனால் ஒட்டவைக்க முடியாதே. முனகிக்கொண்டே இரண்டிலும் அந்த விரலை அறுத்தெறிந்தேன்.

மறுபடி ஊதினோம். கொஞ்ச நேரத்தில் அவள் நிறுத்திவிட்டாள் என்று நினைத்துத் திரும்பினேன். கன்னம் உப்ப ஊதிக்கொண்டுதான் இருந்தாள். அவள் ஒலி என் ஒலிக்குள் போயிருந்தது.

கை மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. குழாயைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"அடுத்த பக்கத்தப் படி," என்றேன்.