வேலிப் பக்கத்துப் பச்சை

காற்று தணிவதற்காகக் கிளைவும் ஹேமியும் வண்டி நிழலில் காத்திருந்தார்கள். மருந்து அடிக்கிற வேலையில் பாதி நேரம் இப்படித்தான் கழியும். கிளைவின் நகக்கண்களில் நேற்றைய நீலம் இன்னும் போகவில்லை. அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று தெரிவதற்காகக் களைக்கொல்லியோடு நீலச் சாயம் கலப்பார்கள். கையுறையையும் தாண்டி அது விரலில் ஏறிவிடும். சோப்புக்கு மசியாது.

எதிரே மண்மேடு நீளமாகக் கிடந்தது. சுரங்கம் தோண்டுமுன் நிலத்தின் மேல்மண்ணை மட்டும் வழித்தெடுத்துக் குவித்தது. நிலக்கரி எடுத்து முடிந்ததும் குழியை மூடி, இதே மண்ணை மேலே பரப்பி, முன்னொரு காலத்தில் இருந்த காட்டுப்புல்லையும் மரங்களையும் திரும்ப வளர்க்கவேண்டியது கம்பெனியின் பொறுப்பு. மேட்டின் தலைமாட்டில் பலகை நட்டிருந்தார்கள்: 'மேல்மண். பாதுகாக்கப்படுகிறது. கலைக்காதீர்.'

அந்த மண், கிளைவின் ஓடைக்கரை மேய்ச்சல் நிலம். கம்பெனி வாங்கிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கல்லுக்கரடும் வீடும் அவன் மனைவி நோலாவின் மாடுகளும் மிஞ்சின. மழை பொய்த்து மூன்றாவது வருஷம். கரட்டில் புல் என்று சொல்ல ஒன்றுமில்லை. தூசி கிளம்பாமல் இருக்கக் கம்பெனி லாரி அன்றாடம் தண்ணீர் பீய்ச்சியதால் மண்மேடு மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அத்தனையும் கொழுக்கட்டைப்புல். கிளைவின் அப்பா விதைத்தது. மண்ணோடு வந்து மண்ணோடு முளைத்திருந்தது. மாட்டுக்காரனுக்கு அதைவிட நல்ல புல் கிடையாது. கம்பெனியின் திட்டத்தில் அது களை. விதை உதிர்வதற்குள் கொன்றுவிட வேண்டும்.

"பெருசு, உன் மாமியார் வீட்டு ஆளுங்க வந்துட்டாங்க பாரு" என்றான் ஹேமி. நியூசிலாந்திலிருந்து பிழைக்க வந்த மாவோரிப் பழங்குடிக்காரன் அவன். அவன் வாய் சும்மா இருக்காது.

மாடுகள் வேலியோரம் வந்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

"செவலையக் காணோம்? அந்த பாட்டில் பால் குடிச்ச மகாராணி?"

"டாப்ஸியா? படுத்துடுச்சு. காலைல டிராக்டர்ல கயிறு கட்டித் தூக்கி நிறுத்தினோம். கயித்த அவுத்தா உக்காந்துக்குது. வயித்துல கன்னு வேற."

"ட்ரென்ட்கிட்ட கேக்குறேன்னியே?"

"கேட்டேன்."

ட்ரென்ட் இவர்களுக்கு மேற்பார்வையாளன். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவன். மேலே கேட்டுவிட்டு வந்து சொன்னான். மாடுகளை உள்ளே விட முடியாது, குளம்பு மிதித்தால் மண் இறுகிவிடும். அறுத்துக் கொடுக்கவும் முடியாது, கம்பெனி எல்லைக்குள் முளைத்த எதுவும் வெளியே போகக் கூடாது. "தப்பா நெனைக்காதீங்க கிளைவ். என் கையில இருந்தா விட்டிருப்பேன்." கிளைவ் தப்பாக நினைக்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தான். வீட்டில் சொன்னபோது நோலா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "வித்துத் தொலைக்கலாம்னாலும் லாரி ஏற அதுங்களுக்குத் தெம்பில்லையே" என்றாள். அவன் கூலி பருத்திக்கொட்டைக்கே போய்க்கொண்டிருந்தது. அதுவும் பற்றவில்லை.

காற்று நின்றது. ஹேமி எழுந்து தொட்டியின் மூடியைத் திறந்தான். தண்ணீர் விட்டான். சாயத்தை ஊற்றினான். மருந்து கேனைக் கையில் எடுத்தவன், அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"மேல்பக்கத்துக்கு நேத்தே அடிச்சாச்சு. இன்னிக்கு வேலிப் பக்கம் மட்டுந்தானே? வந்து பாக்குறவனுக்கு என்ன வேணும், நீலம் வேணும். நீலத்தக் குடுத்துடுவோம்."

கிளைவ் தொட்டியைப் பார்த்தான். மாடுகளைப் பார்த்தான்.

"என்ன பெருசு, கேக்குதா இல்லியா?"

"கேக்குது" என்று சொல்லி முகமூடியை மாட்டிக்கொண்டான் கிளைவ்.

அன்று சாயங்காலம் வீட்டுப் படியில் பூட்ஸைக் கழற்றியபடி நோலாவிடம் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தாள்.

"வெறும் சாயமா?"

"வெறும் சாயம். வேலிப் பக்கம் மட்டும். மேல ஏறிடாத, மேல நெசமான மருந்து."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா பாத்துக்கலாம்."

மறுநாளிலிருந்து பொழுது சாய்ந்ததும் நோலா கம்பிக்கு அடியில் படுத்து நுழைந்தாள். அரிவாளும் சாக்குகளும் கொண்டுபோனாள். அறுத்த புல்லைச் சுமந்துபோய்க் கொட்டினாள். மாடுகளின் உதடெல்லாம் நீலமானது. அவள் உள்ளங்கையும் நீலமானது. சாப்பாட்டு மேசையில் இருவர் கைகளும் ஒரே நிறத்தில் கிடந்தன. "இப்பத்தான் நாம ஜோடி மாதிரி இருக்கோம்" என்றாள் நோலா. ஒருநாள் அவன் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "டாப்ஸி தானா எழுந்தா. நான் கிட்டக்கூட போகல. தானாவே!"

மண்மேடு மஞ்சளாகத் தொடங்கியது. முதலில் உச்சி, பிறகு சரிவு. எல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்தபின்னும் வேலிப் பக்கம் மட்டும் பச்சையாகவே நின்றது. அதிலும் பாதி வழித்து அறுத்திருந்தது.

ட்ரென்ட் ஒருநாள் வேலை முடிகிற நேரத்துக்கு வந்து கைப்பேசியை நீட்டினான். ட்ரோன் மேலே பறந்து எடுத்த படம். மஞ்சள் மேட்டுக்குக் கரை வைத்ததுபோல ஒரு பச்சைப் பட்டை.

பிறகு வேலியோரம் நடந்துபோய் அறுத்த புல்லின் அடித்தாளைக் காலால் தட்டினான். "இந்த ஊரு கங்காரு அரிவாள் வெச்சு மேயுது போல" என்றான். "இத நான் பாக்கல, கிளைவ். ஆனா பச்சைய நான் பாக்கலன்னு சொல்ல முடியாது. படம் மேல போயிடுச்சு."

ஹேமி வாயைத் திறந்தான். கிளைவ் முந்திக்கொண்டான்.

"கலக்கும்போது தப்பாயிடுச்சு. நான்தான் கலந்தேன்."

"தப்புன்னா திருத்திடலாம். இப்பவே அடிச்சுடுங்க, நான் கூட நிக்கிறேன். இல்லன்னா உங்கள அனுப்புன ஏஜென்சிக்குச் சொல்லணும். ஒருத்தரோட விட மாட்டாங்க, ரெண்டு பேரையும் நிறுத்திடுவாங்க."

ஹேமிக்குப் பிள்ளைகள் மூன்று. கிளைவ் மருந்து கேனைத் தானே எடுத்தான். ட்ரென்ட் பார்க்க ஊற்றினான். சாயத்தை ஹேமி ஊற்றினான்.

வேலை நேரத்தில் கூலியாட்களின் கைப்பேசிகள் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். நோலாவுக்குச் சொல்ல வழியில்லை.

கிளைவ் வேலியின் ஒரு கோடியிலிருந்து தொடங்கினான். கொஞ்ச தூரம் போனதும் நிற்கவேண்டியதாயிற்று. மாடுகள் கம்பிக்கு இடையில் கழுத்தை நுழைத்து மேய்ந்துகொண்டிருந்தன. கையை வீசினான், அசையவில்லை. பழகிய கை.

பொழுது சாய, வீட்டுப் பக்கமிருந்து நோலா வழக்கம்போலச் சாக்குகளோடு வந்தாள். ட்ரென்டைப் பார்த்ததும் சாக்குகளைக் கீழே போட்டாள்.

கிளைவ் முகமூடியைத் தூக்கினான். "நோலா, மாட்டத் தள்ளு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"இது நெசம்" என்றான்.

நோலா முதல் மாட்டின் நெற்றியில் இரண்டு கையையும் வைத்து, கம்பியில் கிழிபடாமல் தலையைப் பின்னால் தள்ளினாள். அடுத்ததைத் தள்ளினாள். தள்ளிய இடத்தில் அவன் அடித்துக்கொண்டு வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நகர்ந்தார்கள். ட்ரென்ட் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டாள் நோலா.

"எதுன்னாலும் சரி."

கடைசியில் டாப்ஸி நின்றது. மற்றவை போல ஒதுங்கவில்லை. தள்ளத் தள்ள, நோலா விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையைத் திரும்பத் திரும்ப உள்ளே நுழைத்தது. நோலா தன் தொப்பியைக் கழற்றி அதன் மூஞ்சியில் கவிழ்த்தாள். இன்னொரு கையால் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்துப் பின்னுக்குத் தள்ளினாள். தெளிப்பு அவள் காலடிவரை வந்து, கடந்து போயிற்று. புல் நுனிகளில் நீலம் சொட்டியது.

அது காயும்வரை நோலா பிடியை விடவில்லை. தொப்பிக்குள் டாப்ஸி, சாயம் போகாத அவள் உள்ளங்கையை நக்கிக்கொண்டே இருந்தது.