ஓடைக்கு அக்கரையில் நின்ற லாரி

தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணி வெள்ளம் வடிந்து, வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டி முடிக்கும் முன்பே மேலக்கால்பட்டிக்குக் காலரா வந்துவிட்டது. வடக்கே ஊர் ஊராகப் பரவுகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது இவ்வளவு சீக்கிரம் வாசலுக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. குடிநீர்க் குழாயை வெள்ளம் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. ஜனங்கள் கால்வாயில் கோரிக் குடித்தார்கள்.

ஊரில் மைக்செட் வைத்திருந்தவர் சங்கிலிபூதத்தான். கோயில் கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் பாட்டுப் போடுகிறவர். ஒரே மகள் முத்துராணியைப் பேட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டு அவரும் மனைவி மாரித்தாயும் மட்டும் இருந்தார்கள். சுகாதார ஆய்வாளர் வைத்தீஸ்வரன் வீடு தேடி வந்து அவரைக் கூப்பிட்டார். உமர் பாரூக்கின் ஆட்டோக் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் தெருத்தெருவாக அவர் குரல்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டவர்களை வீட்டில் கிடத்தக் கூடாது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது.

கீழத்தெருவில் ஒரு பெண் ஆட்டோவை மறித்துக்கொண்டாள். "கொதிக்க வையி, கொதிக்க வையின்னு சொல்லுதீரே. வெறகெல்லாம் வெள்ளத்துல ஊறிக் கெடக்கு. எதை வச்சு எரிக்க?"

சங்கிலிபூதத்தான் ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். அவள் கேட்டதை அப்படியே வைத்தீஸ்வரனிடம் போய்ச் சொன்னார். வைத்தீஸ்வரன் அரிசி ஆலைக்காரரிடம் கெஞ்சி உமி மூட்டைகளை வாங்கி வந்து, சாவடி முன்னால் கல்யாண அண்டாவை ஏற்றி, ஊருக்கே தண்ணீர் கொதிக்க வைத்தார். அதை வாங்கிப் போக மாரித்தாயும் குடத்தோடு போனாள். ஆனால் பக்கத்து வீட்டில் வயிற்றுப்போக்கோடு படுக்கையில் கிடந்த மனிதரின் துணிகளை அலசிக் கொடுக்கவும் அவள்தான் போனாள். பார்க்க ஆளில்லாத வீடு அது.

மறுநாள் மத்தியானம் சங்கிலிபூதத்தான் சாப்பிட வந்தபோது அடுப்பில் உலை இல்லை. கொல்லையில் வேலியோரம் மாரித்தாய் சுருண்டு கிடந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. தூக்கப் பிடித்த கையில் விரல்கள் நீரில் ஊறியது போலச் சுருங்கியிருந்தன.

"ஏளா, எப்பத்துல இருந்து?"

"நீங்க போன பெறகுதான்." குரல் கரகரத்து, வேறு யாரோ பேசுவது போல இருந்தது. "கெண்டைக்காலு இழுக்கு. பைய தூக்குங்க."

அவரும் உமர் பாரூக்கும் அவளைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார்கள். காலையில் ஊரையெல்லாம் அவர் எங்கே வரச் சொன்னாரோ அங்கேயே போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நோயாளிகளைப் படுக்க வைத்திருந்தார்கள். இடம் போதாமல் தரையிலும் கிடந்தார்கள். நர்ஸ் சித்தி ஜனாபா ஒருத்தி மட்டும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டம்ளரில் ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராகக் குனிந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். குளுக்கோஸ் பாட்டில் தொங்கவேண்டிய கம்பிகள் வெறுமனே நின்றன.

"டாக்டர் எங்கம்மா?"

"நேத்து சாயந்தரம் முடியாதவங்களை அம்பாசமுத்திரம் கூட்டிட்டுப் போனாரு. விடியக்காலம் மலையில பெஞ்ச மழையில ஓடைப்பாலம் விழுந்திருச்சு, அண்ணாச்சி. அவராலயும் வர முடியல, மருந்து லாரியும் அக்கரையிலதான் நிக்கி. இங்க காலையிலயே பாட்டில் தீர்ந்து போச்சு." சொல்லிக்கொண்டே மாரித்தாயின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை அவள் உதட்டில் வைத்தாள். குடித்த தண்ணீர் குடித்தபடியே வெளியே வந்தது.

அப்போது வைத்தீஸ்வரன் தபால் ஆபீசிலிருந்து வேகமாக நடந்து வந்தார். மாரித்தாய் படுத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"பூதத்தான், இப்பவே ஒரு சுத்து போகணும். முகாம்ல மருந்து போதுமான அளவு இருக்கு, யாரும் பதற வேண்டாம்னு சொல்லணும். போன்ல மேலதிகாரி உத்தரவு."

"இருக்கா சார்?"

"வந்துரும்."

"வந்துரும்னு சொல்லவா, இருக்குன்னு சொல்லவா?"

வைத்தீஸ்வரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காலையில ஒரு குடும்பம் ஆளைக் கட்டிலோட தூக்கிட்டு ஓடையில எறங்கியிருக்கு. ஆளும் கட்டிலும் அடிச்சிட்டுப் போயி, தூக்கினவனும் போகப் பாத்தான். மருந்து இல்லைன்னு தெரிஞ்சா எல்லாரும் எறங்குவாங்க. எத்தனை பேரை ஓடையில இருந்து எடுக்க?"

"எம் பொஞ்சாதி அங்கன கெடக்கா, சார். நீங்களே பாருங்க. இந்த மைக்க நம்பித்தான் எல்லாரும் இங்க வந்து கெடக்காங்க. இருக்குன்னு நான் எப்படிச் சொல்ல?"

வைத்தீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். பெஞ்சு, தரை, மாரித்தாய், வெறும் கம்பிகள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "தனித்தனியா எறங்கினாத்தான் அடிச்சிட்டுப் போகும். வடக்கயிறு இருக்கவங்களைக் கூப்பிடும். நீச்சல் தெரிஞ்சவங்களையும் கூப்பிடும். போன்ல கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

சங்கிலிபூதத்தான் மனைவி பக்கம் போய் உட்கார்ந்தார். ஒலிபெருக்கியை உமரிடம் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் உமருக்கு மைக்கைப் பிடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்நியக் குரல் கூப்பிட்டால் இந்த நோய்ப் பயத்தில் யார் கதவைத் திறப்பார்கள்?

"ஏளா, போயிட்டு வந்துருதேன்."

மாரித்தாய் கண்ணைத் திறந்தாள். போகச் சொன்னாளா, இருக்கச் சொன்னாளா என்று அவருக்கு விளங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சித்தி ஜனாபா, "நான் பாத்துக்கிடுதேன், போங்க" என்றாள்.

ஆட்டோ மேலத்தெருவில் திரும்பியதும் அவர் மைக்கை வாயருகே பிடித்தார்.

"நான் சங்கிலிபூதத்தான் பேசுதேன். முகாமுல மருந்து இருக்குன்னு காலையில சொன்னேன். இப்ப இல்ல. தீர்ந்து போச்சு. மருந்து லாரி ஓடைக்கு அக்கரையில நிக்கி. வடக்கயிறு இருக்கவங்க எடுத்துட்டு வாங்க. நீந்தத் தெரிஞ்சவங்க வாங்க. தனியா யாரும் தண்ணியில எறங்காதீங்க. எம் பொண்டாட்டியும் அங்கனதான் கெடக்கா. வாங்கய்யா."

மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, பள்ளிவாசல் தெரு என்று ஒரே மூச்சில் சுற்றினார். சொன்னதையே சொன்னார். முதலில் எவரும் வெளியே வரவில்லை. பள்ளிவாசல் தெருவிலிருந்து திரும்பும்போது, தேர் இழுக்கிற வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் நடப்பதைப் பார்த்தார். காலனியிலிருந்து ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடைக்கு வந்தார்கள்.

ஓடை செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. செந்தில்முருகன் என்ற மில் தொழிலாளி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் அக்கரைப் புளியமரத்தில் வடத்தைச் சுற்றினான். வடத்தைப் பிடித்தபடி ஆள் ஆளாக மார்பளவு தண்ணீரில் வரிசை கட்டி நின்றார்கள். லாரியிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டிகள் தலைக்கு மேலேயே கை மாறி வந்தன. ஒரு பெட்டி நழுவிப் போனது. அதைப் பிடிக்கப் பாய்ந்தவனைப் பக்கத்தில் நின்றவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். டாக்டரும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நனைந்து வந்து சேர்ந்தார்.

முதல் பெட்டிகளையும் டாக்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உமர் பறந்தான். சங்கிலிபூதத்தான் பின்னால் பெட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூட வாசலில் சித்தி ஜனாபா நின்றிருந்தாள். பெட்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டவில்லை. அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் முன்னாலதான், அண்ணாச்சி. உங்க சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் இருந்தாங்க."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். எங்கே வைத்தோம் என்று பார்க்கவில்லை. உள்ளே டாக்டர் அடுத்தவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் கம்பிகளிலெல்லாம் பாட்டில்கள் தொங்கின. தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

மாரித்தாயை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதிக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் தூவிய துணியில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். கொள்ளி வைத்த பிறகு உறவுக்காரர்கள் வழக்கப்படி ஆற்றுக்கு நடக்க, சங்கிலிபூதத்தான் குறுக்கே நின்றார்.

"யாரும் ஆத்துல குளிக்கக் கூடாது. வீட்டுக்குப் போயி வெந்நியில குளிங்க."

"பொணம் எரிச்சுட்டுக் குளிக்காமப் போகவா?" என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆனாலும் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் முத்துராணி வந்தாள். பஸ் பாதி வழியில் நின்றுவிட, மீதியை நடந்து, ஓடையைக் கயிற்றைப் பிடித்துக் கடந்து, நனைந்த சேலையோடு வந்தாள். நடந்ததையெல்லாம் அவரே அவளிடம் சொன்னார். எதையும் விடவில்லை.

"அம்மைய அங்கன போட்டுட்டுப் போக உங்களுக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?"

"தெரியலளா."

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"போகாட்டா பாட்டில் வந்திருக்காது. அது நெசம். அவ கையப் பிடிச்சுட்டு இருந்திருக்கணும். அதுவும் நெசம்" என்றார் அவர்.

வாசலில் உமர் வந்து நின்றான். கீழத்தெருவில் புதிதாக இரண்டு பேர் விழுந்திருப்பதாகச் சொன்னான். "நீங்க இருங்க அண்ணாச்சி. இன்னைக்கு நானே பேசிப் பாக்கேன்."

ஆட்டோ நகர்ந்தது. தெருமுனையிலிருந்து உமரின் குரல் திக்கித் திக்கி வந்தது. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க, என்றது. பிறகு நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

முத்துராணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாவடியிலிருந்து அம்மா நிறைத்து வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்த் தண்ணீரைக் கொட்டினாள். கொட்டிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.