வேலி தாண்டிய ருசி

ஐம்பத்தேழாம் ஆண்டு ரமழானின் முதல் நோன்பன்று, சிவகுருநாதன் காலையில் தின்ற இடியப்பமும் மாசிச் சம்பலும் பக்கத்து வீட்டு ஸெய்னுதீனின் வாயில் ருசித்தன. திருகோணமலையில் அந்த வாரம் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பாரை மீன் மலிவு, இதுவும் நடந்தது. சிவகுருநாதனுக்குக் கடைத்தெருவில் சுருட்டுக் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வரும் கட்டுகளில் ஒவ்வொன்றை எடுத்துப் பற்றவைத்து, காரம் எவ்வளவு, யாருக்கு எது பிடிக்கும் என்று பிரித்து வைப்பதுதான் அவருடைய தொழில். அதற்கு ஒரு ஒழுங்கும் வைத்திருந்தார். காலையில் மெல்லியது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காரமானது, இடையில் வெறும் தேத்தண்ணி. நோன்புக்கு முதல்நாள் அந்த ஒழுங்கு கெட்டது. இங்கிலீசுக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போகப்போகிறது என்று முடிவாகி, ஊருக்குக் கொண்டுபோக நல்ல சுருட்டாகத் தெரிந்து தரும்படி துரைமார் ஆள் அனுப்பியிருந்தார்கள். அவசரத்தில் காரமானதை முதலில் பற்றவைத்தார். அடுத்ததில் ருசி மங்கலாகத் தெரிந்தது. முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்று இன்னொன்று, அதைச் சரிபார்க்க இன்னொன்று. பொழுதுபடும்போது வாயில் கிடப்பது நாக்கா, பழஞ்செருப்பா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரவுச் சோறு மண்ணாக இருந்தது. "நாக்குச் செத்துப்போச்சு" என்று மனைவி புஸ்பராணியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஸெய்னுதீன் உள்துறைமுகக் கரையில் வள்ளம் கட்டும் தச்சர். விபரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பையும் விட்டதில்லை, காய்ச்சலோடும் பிடித்திருக்கிறார். அன்று காலை உளியும் கையுமாக நின்றவருக்கு வாய் நிறையச் சம்பல் உறைத்தது. துப்பினார், கொப்பளித்தார், உறைப்புப் போகவில்லை. மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து, "புள்ள, நான் மறதியில ஏதும் திண்டனானா?" என்று மனைவி ஸாலிஹாவிடம் கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் அவர் வாயில் சொதி வந்துவிட்டது. அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் புஸ்பராணியின் குரல் கேட்டது.

"சொதிக்கு உப்புக் காணுமோ?"

"தெரியேல்லை" என்றார் சிவகுருநாதன்.

"வாயில வைச்சுக்கொண்டு தெரியேல்லை எண்டா?"

ஸெய்னுதீன் தன்னையறியாமல் வேலிக்கு மேலால் சொன்னார்: "உப்புச் சரி தங்கச்சி. தேசிப்புளிதான் கூட."

சிவகுருநாதன் இன்னொரு வாய் சொதி குடித்துப் பார்த்தார், கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் ஸெய்னுதீன் மறுபடியும் துப்பினார்.

பள்ளிவாசல் லெப்பை யோசித்துப் பார்த்து, தொண்டையால் ஒன்றும் இறங்காவிட்டால் நோன்புக்குப் பழுதில்லை என்றும், அடுத்த வீட்டான் தின்னுவதற்குத் தன்னால் தீர்ப்புச் சொல்ல ஏலாது என்றும் சொல்லி அனுப்பினார். ஸெய்னுதீனின் மனம் ஆறவில்லை. எச்சிலை விழுங்கவும் பயந்து, பகல் முழுக்கத் துப்பித் துப்பி உதடு வெடித்துப்போனது. "நோன்பு ஒண்டுதான் அண்ணன் என்ட கையில சுத்தமாக் கிடக்கு. அதையும் உங்கட சொதி கொண்டு போகுது" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. சிவகுருநாதனுக்கு நெஞ்சு சுட்டது. ருசியைத் திருப்பி அழைக்க அவர் இஞ்சி கடித்தார், ஸெய்னுதீனுக்கு எரிந்தது. உப்பு வைத்தார், ஸெய்னுதீனுக்குக் கரித்தது. களைத்த மாட்டை அடித்தால் வண்டி போகாது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சுருட்டுப் பெட்டியைப் பூட்டித் திறப்பைப் புஸ்பராணியிடம் கொடுத்தார். துரைமாரின் ஆளுக்கு வேறு கடையைக் காட்டிவிட்டார். பெருநாள் வரைக்கும் தினமும், விடியத் தொடங்கிப் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை, வாயில் ஒன்றும் வைப்பதில்லை என்று முடிவுசெய்தார். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தார், அதற்கு ருசி இல்லாதபடியால்.

இடையில் சித்திரை வருசப் பிறப்பு வந்தது. உப்புவெளியிலிருந்து வந்த சொந்தக்காரர், நல்லநாளில் பட்டினி கிடப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று கோபித்துக்கொண்டு போனார்கள். புஸ்பராணி பொங்கல் பானையை மூடி வைத்திருந்து, பாங்கு கேட்டதும் இலை போட்டாள். ஸெய்னுதீனின் நோன்புக் கஞ்சி அன்று சர்க்கரையாக இனித்தது. இனிப்பைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பெருநாளன்று வேலிக்கு மேலால் ஸாலிஹா, முட்டை அடித்து அவித்த வட்டிலப்பம் நீட்டினாள். சிவகுருநாதன் ஒரு துண்டை வாயில் வைத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலமும் தன் நாக்கிலேயே இறங்கின. "தம்பி, உங்களுக்கு ஏதும் வந்ததோ?" என்று கேட்டார். "ஒண்டும் வரல்ல அண்ணன். அல்லாஹ் காப்பாத்தினான்." இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கொஞ்சம் அழவும் செய்தார்கள்.

துரைமார் போனார்கள். அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி வேலியைக் கொண்டுபோனது, தகரத்தில் ஒன்று போட்டார்கள். சிவகுருநாதன் அளவு மீறிச் சுருட்டுப் பிடித்த நாட்களில் ருசி தகரத்தையும் தாண்டியது. ஸெய்னுதீன் கரையில் நின்றபடியே அந்த வீட்டுக் கறியில் என்ன குறை என்று சொல்லுவார். அதனால் திறப்புப் புஸ்பராணியின் இடுப்பிலேயே தங்கிவிட்டது. வயது ஏற ஏறச் சிவகுருநாதனுக்கு நாளுக்கு ஒன்றுதான் அவள் எடுத்துக் கொடுத்தாள்.

எண்பதாம் ஆண்டு ஸெய்னுதீனுக்குச் சீனி வருத்தம் முற்றியது. இனிப்பு வாயில் படக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்து குடிப்பதால் அந்த முறை நோன்பும் பிடிக்கவில்லை. அந்தக் கவலையில் மற்றச் சாப்பாட்டையும் வெறுத்து, கதிரையில் சாய்ந்து சுவரைப் பார்த்தபடி மெலிந்துகொண்டு போனார். பெருநாளன்று வழமைபோல வட்டிலப்பம் கொண்டுவந்த ஸாலிஹா, கோப்பையைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"நேத்தையில இருந்து தண்ணிதான் அக்கா குடிக்கிறார். இப்பிடியே விட்டா ஆள் தங்கமாட்டார்."

புஸ்பராணி உள்ளே போனாள். அத்தனை வருசம் இடுப்பில் காத்த திறப்பால் அவளே பெட்டியைத் திறந்து, சுருட்டுக் கட்டையும் நெருப்புப் பெட்டியையும் கணவரின் மடியில் வைத்தாள். "காரமானதை முதல்ல பத்துங்கோ" என்றாள்.

சிவகுருநாதன் ஒழுங்கு பார்க்காமல், தேத்தண்ணியும் குடிக்காமல், இருமி இருமி ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது நாக்குச் செத்தது. வட்டிலப்பத்தில் ஒரு துண்டை வாயில் வைத்து மென்றார். அது வெறும் ஈரமாக இருந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. புஸ்பராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னொரு துண்டை வாயில் வைத்தார்.

"ஏலம் கூடிப்போச்சு புள்ள" என்றது ஸெய்னுதீனின் குரல். பிறகு, "அண்ணன், அவசரப்படாம மெல்லுங்கோ."

பின்னேரம் அவர் ஒரு கோப்பை கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். அடுத்த கிழமை எழுந்து கரைக்கும் போய்வந்தார். அதன்பிறகு பெருநாளுக்குப் பெருநாள் இப்படியே நடந்தது. இரண்டு வீட்டுக்கும் அவிப்பது வீண் என்று, ஸாலிஹா முட்டையின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.