பானெட்டுக்கு மேல் ஒரு மூக்கு

ஆதிநாராயணன் ஒரு பொருளுக்கு விலை சொன்னால், அந்தப் பொருளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடும். திருப்பத்தூரிலிருந்து மலைக்கு ஜீப்பில் சவாரி அடிக்கிறவர். ராணுவ ஏலத்தில் தீர்த்தகிரி எடுத்த பழைய ஜீப்பைக் காயலான் கடை விலைக்குக் கேட்டதோடு நிற்காமல், மலைக்காரனுக்கு மாடு போதாதா, மோட்டார் எதற்கு என்றும் கேட்டுவைத்தார். வண்டியை விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த தீர்த்தகிரி, அந்த நிமிஷமே யோசனையை விட்டான்.

வண்டிக்கு ஒரே வியாதிதான். ஆள் ஏறினால் ஏற்றத்தில் மூச்சு முட்டும். முனீஸ்வரன் வளைவு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். சந்தைக்கு ஆள் ஏற்றும் சவாரி யாருக்கு என்று இருவரும் மல்லுக்கு நின்றதில், மலையூர்த் தலைவரான நாட்டார் சக்கரவர்த்தி கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்: எட்டுப் பேரோடு, தள்ளாமல், அடிவாரத்திலிருந்து மேலே வந்தால் சந்தைச் சவாரி தீர்த்தகிரிக்கு. இல்லையென்றால் ஆதிநாராயணனுக்கு.

இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று தீர்த்தகிரிக்குப் பட்டது. கவிழ்ந்து கிடந்த, பெட்ரோலில் ஓடிய பழைய லாரி ஒன்றிலிருந்து அகலவாய் கார்புரேட்டரையும், காற்று வடிகட்டிக் கூண்டையும் கழற்றிவந்தான். போல்ட் துளைகள் பொருந்தவில்லை. நடுவில் வைக்க அலுமினியத் தகடு ஒன்றை அறுத்து அராவினான். மாட்டி முடுக்கினால் இன்ஜின் ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கிப்போனது. காற்று வாரிக்கொண்டு வருகிறது, பெட்ரோலோ பழைய அளவு. பெட்ரோல் பீச்சும் ஜெட்டின் துளையை மயிரிழை மயிரிழையாக மூன்று தரம் பெரிதாக்கிய பிறகுதான் வண்டி உறுமியது. கூண்டு உயரம், பானெட் மூடவில்லை. பானெட்டை வெட்டினான்.

சாட்சிக்கு வந்த ஆதிநாராயணன் முன்சீட்டில் ஏறும்போதே ஆரம்பித்தார். "இன்னாப்பா இது, சட்டிய கவுத்து வச்சிகினு கீற? சோறாக்கப் போறியா?"

"மேல போனதும் பரிமாறறேன், குந்துங்க."

பின்னால் எட்டுப் பேர். வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. முனீஸ்வரன் வளைவிலும் இழுவை குறையவில்லை. ஆனால் எட்டுப் பேரும் நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மலையில் யாரும் முனீஸ்வரனை உட்கார்ந்தபடி கடப்பதில்லை. இத்தனை வருஷம் கும்பிடுவதும் தள்ளுவதும் ஒரே இடத்தில் நடந்ததால், வார்த்தை சொன்ன நாட்டாருக்கே அது தோன்றவில்லை. எட்டில் ஒருவராக அவரும் கீழே நின்று தலையைச் சொறிந்தார்.

காலி வண்டியை ஆடுகூட இழுத்துப்போகும், பந்தயம் முடிந்தது என்று ஆதிநாராயணன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

தீர்த்தகிரி தன் செருப்பைக் கழற்றினான், ஆசனத்தை விட்டு இறங்கவில்லை. "எங்க சாமிக்கு அவங்க எறங்குறாங்க. உனக்கு எறங்குற வழக்கம் இல்லியே? அப்ப குந்திகினே இரு."

எட்டில் ஒருத்தியான அவன் மனைவி மங்கம்மாள் பாதையோரத்துப் பாறாங்கல் ஒன்றைப் புரட்டிவந்து பின்னால் ஏற்றினாள். "இது நானு," என்றாள்.

எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. ஆளுக்கு இரண்டு, மூன்று கல் ஏறின. விலை பேசாமல் இருக்க ஆதிநாராயணனால் முடியுமா? இறங்கிய எட்டில் இன்னொருத்தியான பெரியம்மாளின் கனம் இவ்வளவு குறைவா என்று தகராறு பண்ணினார். பின்னால் இடமில்லாததால் பெரியம்மாள் இன்னொரு கல்லைத் தூக்கி அவர் காலடியில் இறக்கினாள். முழங்கால் இரண்டும் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டன.

தீர்த்தகிரி கியரைப் போட்டான். வெட்டிய பானெட்டுக்கு மேல் நின்ற கூண்டு பெருமூச்சாகக் காற்றை இழுத்தது. வளைவு முடிந்து மேட்டில் வண்டி நின்றபோது, இன்ஜின் இன்னும் ஏறத் தயாராக ஓடிக்கொண்டிருந்தது.

கல்லை எடுக்கச் சொன்னார் ஆதிநாராயணன்.

"நாட்டார் வந்து சவாரி யாருக்குன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நீயும் சரக்குதான்."

நாட்டார் செருப்பைக் கையில் பிடித்தபடி, அவசரமே இல்லாமல், ஏற்றத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்.