அண்ணி கேட்ட அவரை விதை

வேலிகா அண்ணி கழியின் அடியில் மண்ணைக் கிளறி ஒரு அவரைக்கொட்டையை எடுத்து நசுக்கினாள். முளை இல்லை. கூழாக ஏதோ வழிந்தது. விதைத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அர்தா ஆற்றங்கரை வயலில் கொடி படர இருநூறு கழிகள் நட்டிருந்தாள். ஒன்றின் கீழும் ஒரு இலைகூடத் தலைகாட்டவில்லை.

"நாப்பது எண்ணுனேனே மனோல். நிதானமாத்தான் எண்ணுனேன்."

தப்பு எங்கே நடந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் மலையில் விதையைக் கூரைக்கு அடியில் உள்ள பரணில் போட்டு வைப்போம். ஜனவரிக் குளிரில் விதையைத் துளைக்கும் வண்டு தானாகச் செத்துவிடும். இப்போது ஆறேழு வருஷமாகக் குளிரும் எங்களை ஏமாற்றுகிறது. அதனால் என் அண்ணன் சப்ரியான், ரொட்டி சுட்ட அடுப்பு கொஞ்சம் ஆறியதும் வெறுங்கையை உள்ளே நீட்டி நாற்பது எண்ணுவான். அதுவரை கை தாங்கினால்தான் விதைத் தட்டு உள்ளே போகும். இல்லாவிட்டால் வண்டோடு விதையும் வெந்துவிடும். அண்ணன் போன அக்டோபரில் போய்ச் சேர்ந்தான். இந்த மார்ச்சில் அடுப்புக்குள் கையை நீட்டியது அண்ணி. அவன் வலது கையை நீட்டுவதைப் பார்த்திருக்கிறாள், அவளும் வலதையே நீட்டியிருக்கிறாள். அவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவளுடைய வலது கை வேலை செய்யும், சூடு குளிர் தெரியாது. நாற்பது என்ன, நானூறும் தாங்கியிருக்கும். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பரவால்ல, உன் வீட்ல ஒரு ஜாடி இருக்கே" என்றாள்.

அறுவடை முடிந்ததும் அண்ணன் ஒரு ஜாடி விதையை என் வீட்டில் கொண்டுவந்து வைப்பான். ஒரு வீட்டில் கெட்டாலும் இன்னொரு வீட்டில் இருக்கும் என்று ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். முன்பு நாலைந்து வீடுகளில் கொடுத்து வைப்பான். ஒவ்வொருவராகக் கடை அவரைக்கு மாறிப்போய், கடைசியில் நான் ஒருவன்தான் மிச்சம். ஊதாவில் கறுப்புத் தீற்றல் போட்ட எங்கள் வீட்டு அவரை வேறு யாரிடமும் இல்லை. அந்த ஜாடியைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நான் சூப் வைத்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். கடைவரை நடக்கச் சோம்பல். பூசி மெழுக வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

"நாளைக்குக் கொண்டாறேன் அண்ணி."

மறுநாள் முதல் பஸ்ஸில் நகரத்துக்குப் போய், எந்த நாட்டில் விளைந்ததோ, பார்க்க அதே மாதிரி இருந்த அவரையை வாங்கி வந்தேன். ஜாடியில் கொட்டி, பழைய துணியால் வாயைக் கட்டினேன். எனக்கே அருவருப்பாக இருந்தது.

அண்ணி மடியில் கொட்டி இடது கையால் உருட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பளபளன்னு இருக்கே."

"ஈரம் படாம வச்சிருந்தேன்."

"உங்கண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு, மனோல்கிட்ட குடுத்தா தின்னே தீத்துருவான்னு. நான்தான் சண்டைக்குப் போவேன், எங் கொழுந்தன் அப்படிப்பட்டவன் இல்லன்னு."

அவள் சிரித்தாளா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாதியை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியில் முடிந்துகொண்டாள். மீதியைத் திரும்ப ஜாடியில் போட்டு, துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இத நீ வச்சுக்க. இதுவும் முளைக்கலன்னா நம்ம விதை அத்தோட போச்சு."

ஜாடியை என் கையில் கொடுத்துவிட்டு முதல் கழியருகே குனிந்தாள். நான் அங்கேயே நின்றேன். கழிக்கு நாலு கொட்டையாக விரலால் மண்ணில் அழுத்தி, மூடி, அடுத்த கழிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.