நான்காவது மதிப்பீட்டாளர்

ஓர் ஆய்வுக்கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். சரி, எழுதியாயிற்று, இனி நிம்மதி என்று காலை நீட்டினால், அதை ஆய்விதழுக்கு அனுப்புவது என்று ஒன்று இருக்கிறதே, அது அதைவிடப் பெரிய கூத்து. ஓரத்தில் இவ்வளவு இடம் விடு, வரிக்கு வரி எண் போடு, படங்களைத் தனியாகக் கொடு, சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டினால் வாசற்படியே ஏறாதே. கல்யாணச் சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் விலங்கியல் துறையில் ஈ காக்கை இல்லை. மாடியின் கடைசி அறையில் அவள் மட்டும் கணினியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருடமாக நத்தைகளைப் பின்தொடர்கிறவள் என்பதால் துறையில் அவளுக்கு நத்தை மேடம் என்றே பெயர். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. அறைச் சாவியைக் கொடுத்துவிட்டால், பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுக் கட்டுரை அனுப்ப முடியாது. இந்தக் கட்டுரையோ ஏற்கெனவே இரண்டு இதழ்களில் முட்டிவிட்டுத் திரும்பி வந்தது. அங்கே அதைப் படித்து மதிப்பிட்டவர்களில் ஒருவருக்கும் நத்தையைப் பற்றி ஓர் இழவும் தெரியவில்லை. ஒரு புண்ணியவான், நத்தைக்குப் பதிலாக எலியை வைத்துச் செய்திருக்கலாமே என்று கேட்டிருந்தார்.

திரையில் அடுத்த படிவம் வந்தது. இந்த ஆய்வில் யார் யார் என்ன செய்தார்கள் என்று குறிக்கவேண்டுமாம். திட்டமிட்டவர், தரவு சேகரித்தவர், கணக்கிட்டவர், படம் வரைந்தவர், எழுதியவர், திருத்தியவர் என்று பதினான்கு கட்டங்கள். அத்தனையிலும் அவள் தன் பெயரையே போட்டாள். ஏழாவது கட்டத்துக்குமேல் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. நன்றி சொல்லும் பகுதியில் யாரைப் போடுவது என்று யோசித்து யோசித்து, அவளுடைய நத்தைகள் ஊரும் சுற்றுச்சுவரின் மீது யாரும் சைக்கிள் சாய்க்காமல் ஐந்து வருடம் பார்த்துக்கொண்ட காவலாளியைப் போட்டாள். பாவம், அவர் போன வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

போன் அடித்தது. தங்கைதான். தினமும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவாள்.

“என்னக்கா, சாப்பிட்டியா? ஞாயித்துக்கிழமையும் அந்த நத்தையைக் கட்டிட்டு அழணுமா?”

“அனுப்பிட்டு வந்துடறேன்டி. கடைசிப் பக்கத்துக்கு வந்துட்டேன்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னே. பேசறதுக்காவது ஆள் இருக்கா அங்க?”

“அதெல்லாம் இருக்காங்க” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

கடைசிப் பக்கம் கேட்டது இதுதான்: உங்கள் துறையை அறிந்த நான்கு மதிப்பீட்டாளர்களின் பெயர்களைத் தருக. அவர்கள் கடந்த ஐந்தாண்டுகளில் உங்களோடு சேர்ந்து எழுதியவர்களாக இருக்கக்கூடாது. மூன்று பேரை நூல்களின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலிலிருந்து பொறுக்கிப் போட்டாள். அவர்கள் கிழவர்களா குமரர்களா, உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. நான்காவது கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

உலகத்தில் இந்தக் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையைப் பார்த்தவுடனே அதன் அருமை தெரிந்து துள்ளக்கூடியவள் ஒருத்திதான். சோடாபுட்டி. அந்தத் தடித்த கண்ணாடிக்காக, சேர்ந்து படித்த காலத்தில் இவளே வைத்த பெயர். ஒரே ஆய்வகம், ஒரே விடுதி அறை, ஒரே குடை. பிறகு வேறு வேறு ஊரில் வேலை கிடைத்தும், வருடத்துக்கு ஒரு கட்டுரையாவது சேர்ந்து எழுதிவிடுவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கருத்தரங்கு. சுவர் நத்தைகளின் ஓட்டில் நகப்பூச்சால் பொட்டு வைத்து, மறு வருடம் எத்தனை மிச்சம் என்று எண்ணி, பாதிக்குமேல் செத்துப்போகின்றன என்று இவள் மேடையில் பேசினாள். சோடாபுட்டி நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்றாள். “பொட்டு அழிஞ்சு போன நத்தையை எல்லாம் செத்த கணக்குல எழுதிட்டே. அது உயிரோட உன் கண்ணு முன்னாடியே சுத்திட்டிருக்கும். இந்தக் கணக்கே தப்பு” என்று போட்டு உடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அரங்கம் கொல்லென்று சிரித்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக்கூடாதா? அவளுக்கு வாய் என்றைக்குத்தான் சும்மா இருந்தது! இவள் அன்று அவளோடு பேச்சை நிறுத்தியவள்தான். அவள் இரண்டு முறை போன் செய்தாள், இவள் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சோடாபுட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த வீம்பில் இவள் ஆறு வருடம் மழையென்றும் பாராமல் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு நத்தைக்கும் ஒரு பொட்டும் ஓர் எண் வில்லையும் ஆக இரண்டு அடையாளம் வைத்து, முதலிலிருந்து எண்ணினாள். பொட்டு அழிந்த நத்தைகளை வில்லை காட்டிக்கொடுத்தது. அந்தக் கணக்குப்படி, செத்ததாக முன்பு எழுதியவற்றில் முக்கால்வாசி சாகவே இல்லை. அதைத்தான் மூன்றாம் அட்டவணை சொன்னது. யோசித்துப் பார்த்தால், மொத்தக் கட்டுரையுமே அந்த ஒருத்திக்குச் சொன்ன பதில். அவள் படிக்கவில்லையென்றால் இது அச்சில் வந்தும் என்ன பிரயோஜனம்?

சோடாபுட்டியின் பெயரைத் தட்டினாள். சேர்ந்து எழுதி ஏழு வருடம் ஆகிவிட்டதால் கணினி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டது: இவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? குடும்பம், நட்பு, ஒரே அலுவலகம், ஆசிரியர், மாணவர், எந்த உறவும் இல்லை.

நட்பு என்பதைத் தொட்டாள். உடனே சிவப்பில் வந்தது: இவரை மதிப்பீட்டாளராக ஏற்க இயலாது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவளை நட்பு என்று சொன்னால்தானே பொய் என்று தனக்குத் தானே வக்கீலாக நின்று வாதாடினாள். வாதம் பலமாகத்தான் இருந்தது, மனம்தான் மசியவில்லை. கடைசியில் “எந்த உறவும் இல்லை” என்பதில் குறியிட்டாள். சிவப்பு மறைந்தது. சமர்ப்பி என்பதை அழுத்தினாள். அவ்வளவு நாள் வேலையை முடித்துவிட்ட சந்தோஷம் துளிக்கூட வரவில்லை.

வியாழக்கிழமை காலை வகுப்பு முடிந்து அறைக்கு வந்தபோது ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அதற்குள் முடிவா என்று அவளுக்குப் பகீரென்றது. முடிவில்லை, ஒரு கேள்வி.

“நீங்கள் பரிந்துரைத்த நான்காவது மதிப்பீட்டாளருக்கும் உங்களுக்கும் எந்த உறவும் இல்லை என்று குறித்திருக்கிறீர்கள். அதைத் தெரிவித்தே அவரை அழைத்தோம். ‘கட்டுரையாசிரியர் என் நெருங்கிய தோழி. அவர் எழுதியதை நடுநிலையோடு என்னால் படிக்க முடியாது’ என்று எழுதி அவர் மறுத்துவிட்டார். இவற்றில் எது சரி என்று உடனே தெரிவிக்கவும். அதன் பிறகே உங்கள் கட்டுரை வேறு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பப்படும்.”

இரண்டாம் முறை படிக்கும்போது எழுத்துகள் கலங்கிவிட்டன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். நெருங்கிய தோழியாம். ஆறு வருடம் போனை எடுக்காத கழுதைக்கு அந்தப் பட்டம்!

பதிலில் முதலில் பெரிய விளக்கம் எழுதினாள். கருத்தரங்கு, மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லாமை என்று அரைப் பக்கம் போயிற்று. தன் புத்தியே தனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, “அவர் எழுதியதே சரி. நான் குறித்தது பொய். மன்னிக்கவும்” என்று அனுப்பினாள். இனிக் கட்டுரை யாரோ எவரோ கைக்குப் போகும். பொய் சொன்னவள் என்று நிராகரித்தாலும் நிராகரிப்பார்கள். போகட்டும்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள். எண் மனப்பாடமாகவே இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள், எடுக்கவேண்டிய அவசியம்தான் என்ன என்று நினைத்த நேரத்தில் எடுத்துவிட்டாள்.

“நான்தான்.”

“தெரியுது. சொல்லு.”

நத்தை மேடம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நமக்குள்ள எந்த உறவும் இல்லையாமே?” என்றாள் சோடாபுட்டி. கேலியாகத்தான் ஆரம்பித்தாள், பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

“அப்படிப் போட்டாத்தான்டி உன் பேரை எடுத்துக்குது” என்று சொல்லிவிட்டு நத்தை மேடம் சின்னக் குழந்தை மாதிரி ஓவென்று அழுதாள்.